சுண்ணாம்பின் காவல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் பிற்பகல் மேல் தளத்திலிருந்து ஒரு துண்டு கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. தாம்பாளம் அளவு இருக்கும். விழுந்த இடம், என் அத்தை தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரித்துப் படுக்கும் இடம். அன்று ஏகாதசி. சாப்பாடும் இல்லை, படுக்கையும் இல்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்துவிட்டு, "பட்டினி கிடந்ததற்குப் பெருமாள் கைமேல் பலன் கொடுத்துவிட்டார்" என்றாள். அவளுக்கு வயது எண்பத்திரண்டு. அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில், அந்த இடத்திலிருந்து ஒரு கஜ தூரத்தில், தட்டு அளவில் ஒரு துண்டு விழுந்திருந்தது. கொத்தனார் வந்தார். பொக்கையாக இருந்ததைத் தட்டி எடுத்தார். புதுக் கலவை வைத்துப் பூசினார். நாங்கள் வெள்ளை அடித்தோம், மறந்துபோனோம். இப்போது அதே கொத்தனார் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "நான் போட்ட ஒட்டு கல்லு மாதிரி இருக்கு சார். அதைச் சுத்தித்தான் போயிருக்கு" என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். பழைய ஒட்டு மட்டும் தீவு போல நின்றது. சுற்றிலும் கான்கிரீட் வெடித்துத் தொங்கியது.

உளியை வைத்து இன்னொரு துண்டைப் பெயர்த்தார். உள்ளே கம்பியைச் சுற்றிக் கறுப்பும் பச்சையுமாகப் பிசின் போல ஏதோ ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "துரு என்றால் சிவப்பாக அல்லவா இருக்கும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். என் மனைவி கொண்டுவந்த காப்பியை அவர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அந்தக் கறுப்பு பழுப்பாகிச் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"கம்பி ஊதிப்போச்சு சார். அதான் கான்கிரீட்டைத் தள்ளுது" என்றார் கொத்தனார்.

மாவு ஊதும், பணம் வந்தால் மனிதர்களும் ஊதுவார்கள். இரும்பு ஊதுமா? கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்தவன் நான். படித்ததில் பாதியைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தவன். ஆகவே என் சகலைக்குக் கடிதம் எழுதினேன். அவர் கட்டடப் பொறியாளர். ஓய்வு பெற்ற பிறகு நெய்வேலிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் காலம் கழிப்பவர். "விழுந்த துண்டில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். வேறொன்றும் வாங்கிவர வேண்டாம்" என்று பதில் எழுதினார். மாமியார் வீட்டு வழியில் இவ்வளவு சிக்கனமான உறவு எனக்கு இவர் ஒருவர்தான்.

நெய்வேலியில் இறங்கினதும் அவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. முதலில் சுரங்கத்தைத் தூரத்திலிருந்து காட்டினார். செம்மண்ணும் மணற்பாறையும் படிப்படியாக இறங்கிப் போகின்றன. அடியில் கறுப்பாக ஒரு பாய் விரித்தாற்போலப் பழுப்பு நிலக்கரி. அதன் கதை நம் ஜில்லாக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருள் வெளிவந்தது. அவர் அதை அலட்சியம் செய்யாமல் சர்க்காரிடம் தெரிவித்தார். பிற்பாடு தம் நிலத்தையும் கொடுத்தார். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மண்ணை அகற்றி அகற்றி, 1961 ஆகஸ்டில்தான் கரி முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 1962 மே மாதம், சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடியது. அது 50 மெகாவாட். பின்னால் 600 மெகாவாட் வரை வளர்ந்தது.

"இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நான் கேட்டது கம்பியைப் பற்றி" என்றேன்.

"கம்பியைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்தக் கரிக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்றார்.

கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. சும்மா தேங்கிக் கிடக்கும் தண்ணீர் அல்ல. அழுத்தத்தோடு மேலே எழும்பப் பார்க்கும் ஊற்று. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 6 முதல் 8 கிலோ வரையில் அது மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே ஐம்பது மீட்டருக்கு அதிகமான மண் இருக்கும் வரை அந்தத் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால், அடித்தளத்தையே பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடும். ஆகையால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகளை வைத்து, இரவு பகல் பாராமல் தண்ணீரை இறைத்து, அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கரியைத் தோண்டும் ராட்சதச் சக்கரத்தைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். பம்புகளை யாரும் படம் பிடிப்பதில்லை.

"உங்கள் வீட்டுத் தளத்திலும் அப்படி ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. அவ்வளவுதான்" என்றார் சகலை.

அந்தப் பம்பு எது என்று சொல்ல வேண்டுமானால், சிமெண்டும் இரும்பும் சம்பந்தம் செய்துகொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-ல் ஒரு தூளுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூள் அது. காய்ந்து இறுகினால் போர்ட்லாண்டு என்ற ஊரின் கல்லைப் போல இருக்கும் என்று, அதற்குப் போர்ட்லாண்டு சிமெண்டு என்று பெயர் வைத்தார். கொத்தனாரின் விளம்பரப் புத்தி உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் கல்லுக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும், இழுத்தால் உடைந்துவிடும். இரும்புக் கம்பியோ இழுவைக்கு அஞ்சாதது.

பிரான்சில் லாம்போ என்பவர் 1848-ல் கம்பி வலையின் மேல் சிமெண்டைப் பூசி ஒரு படகு செய்தார். 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்தபோது வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம், வாங்கினவர்கள் குறைவு. அதே நாட்டில் மோனியர் என்ற தோட்டக்காரர், அடிக்கடி உடையும் பூந்தொட்டிகளால் சலித்துப்போய், கம்பி வலை வைத்த சிமெண்டுத் தொட்டி செய்து 1867-ல் உரிமை வாங்கினார். இன்று நம் தலைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மாடிக்கும் அந்தப் பூந்தொட்டிதான் மூதாதை.

இந்தச் சம்பந்தம் பொருந்தியதற்கு இரண்டு காரணங்கள் புத்தகங்களில் உண்டு. ஒன்று, இழுவையை இரும்பும் பாரத்தைச் சிமெண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு, வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. ஆகவே ஒன்றை ஒன்று விட்டுப் பிரிவதில்லை. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை மோனியர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதிர்ஷ்டமாக அவர் கைக்கு வந்தது.

சிமெண்டில் தண்ணீர் ஊற்றினால் அது இறுகும்போது ஏராளமான சுண்ணாம்பு பிறக்கிறது. ரசாயனத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்று சொல்லும் அதே நீற்றுச் சுண்ணாம்புதான். கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் ஈரத்தில் இந்தச் சுண்ணாம்பும் வேறு சில காரப் பொருள்களும் கரைந்து நிற்கின்றன. வெற்றிலையில் சுண்ணாம்பு அதிகமானால் நாக்கு வெந்துபோவதை அறிந்தவர்களுக்கு அந்த ஈரத்தின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. காரத்தையும் அமிலத்தையும் அளக்கும் அளவுகோலில் சுத்தமான தண்ணீர் 7. கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் 12.5-க்கும் மேல்.

அப்பேர்ப்பட்ட காரத்தில் இருக்கும்போது இரும்பின் மேல் மிக மெல்லிய ஆடை ஒன்று படிகிறது. காகிதத்தின் கனத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத ஆடை. அதுவும் இரும்பும் பிராண வாயுவும் சேர்ந்த பொருள்தான். ஒரு விதத்தில் துருவுக்கு உறவு. ஆனால் துருவைப் போல உதிராது. இரும்போடு ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு துரு ஏறாமல் மூடி வைக்கிறது. கிழிந்தால் சுண்ணாம்பு இருக்கும் வரை தானே தைத்துக்கொள்கிறது. இந்தச் சுண்ணாம்புதான் சகலை சொன்ன பம்பு. அது வேலை செய்கிறது என்பதே யாருக்கும் தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும்.

நம் நாட்டில் சென்னையில் 1904-ல் கிளிஞ்சலை வைத்துச் சிமெண்டு செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் வெற்றி கிடைத்தது. தமிழ்நாட்டில் டால்மியாபுரம் ஆலை 1939-ல் வந்தது. தாழையூத்து ஆலை 1949-ல் வந்தது. அதற்கு முன்னால் நாம் கட்டியதெல்லாம் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் தேக்கு உத்தரமும்தான். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரைக்கு முந்நூறு வயதானாலும் ஆணி இறங்குவதில்லை என்று பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். பெருமை நியாயமானதுதான். அந்தக் காரை கெட்டியாவது எப்படி? காற்றில் இருக்கும் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு வருஷக்கணக்கில் உட்கொண்டு, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிவிடுகிறது. பழைய சுவரைக் காற்று வளர்க்கிறது.

இங்கேதான் விசித்திரம். கம்பி வைத்த கான்கிரீட்டுக்குள்ளும் அதே கரியமில வாயு நுழைகிறது. அதே சுண்ணாம்பைக் கல்லாக்குகிறது. கான்கிரீட்டின் பலம் அதனால் குறைவதில்லை. ஆனால் காரம் 12.5-லிருந்து 9-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரும்பின் ஆடை கரைந்துபோகிறது. பாட்டன் வீட்டுச் சுவரை வளர்த்த காற்று, பேரன் வீட்டுக் கம்பியின் காவலைப் பறிக்கிறது. பாட்டன் சுவரில் கம்பி இல்லை. அதனால் அவருக்கு இந்தக் கவலை இல்லை.

சகலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கொண்டுபோன துண்டைப் பிரித்தோம். அவர் அதைச் சுத்தியலால் புதிதாக உடைத்தார். உள்ளே போய் ஒரு சிறிய புட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்த நிறமற்ற திரவத்தை உடைந்த முகத்தில் தெளித்தார். பினால்ப்தலீன்! கல்லூரியில் காரத்தையும் அமிலத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டு நாங்கள் நிறம் பார்த்த அதே மருந்து. காரம் இருந்தால் ரோஜா நிறம் வரும். இல்லாவிட்டால் நிறம் வராது. என் வீட்டுத் துண்டின் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு ரோஜாக் கோடு தெரிந்தது. கம்பி படுத்திருந்த தடம் உட்பட மற்ற இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"ரோஜா நிறம் இருக்கும் இடத்தில் பம்பு ஓடுகிறது. கம்பி இருக்கும் இடத்தில் நின்றுபோய் எத்தனையோ வருஷமாயிற்று. கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

அளந்து பார்த்தோம். 10 மில்லிமீட்டர். அரை அங்குலம்கூட இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்று கான்கிரீட்டுக்குள் போகப் போக அதன் வேகம் குறைகிறது. முதல் 10 மில்லிமீட்டரைக் கடக்கப் பத்து வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டரைக் கடக்க இருபது வருஷம் அல்ல, நாற்பது வருஷம் ஆகும். 30 மில்லிமீட்டர் என்றால் தொண்ணூறு வருஷம். மூடாக்கை இரண்டு பங்காக்கினால் ஆயுள் நான்கு பங்காகிறது. கான்கிரீட் போடும் அன்று, கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக் என்ற சிறு வில்லைகளை வைத்தால் போதும். ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். வைக்காவிட்டால் கம்பி பலகையின் மேலேயே படுத்துக்கொள்ளும். எங்கள் வீடு கட்டியபோது வைக்கவில்லை. அல்லது வைத்ததை யாரோ மிதித்துத் தள்ளிவிட்டார்கள். கட்டியவர் இப்போது இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. அப்போது மேற்பார்வை பார்த்தவர் என் தகப்பனார். அவருக்குக் கவர் பிளாக் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது.

ஆனால் காற்று மட்டும் குற்றவாளி அல்ல. எங்கள் ஊர் கடலோரம். கான்கிரீட்டைக் கலக்கிய தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். குடித்தால் உப்புக் கரிக்கும். மணல் கழிமுகத்திலிருந்து வண்டியில் வந்த மணல். சாம்பார் வைக்க உதவாத தண்ணீரில் வீடு கட்டியிருக்கிறோம்.

உப்பில் உள்ள குளோரைடு என்ற பொருள் நாரதர் மாதிரி. சுண்ணாம்பு நன்றாக இருக்கும்போதே இரும்பின் ஆடையில் அங்கங்கே ஊசித் துளை போடுகிறது. அந்தத் துளைக்குள் இரும்பைக் கரைத்து வெளியே அழைத்து வருகிறது. கரைந்த இரும்பு தண்ணீரோடு சேர்ந்து துருவாகும்போது அமிலம் பிறக்கிறது. குளோரைடோ துருவில் பெரும்பாலும் சிக்காமல் விடுபட்டு, அடுத்த கலகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. சிமெண்டும் சும்மா இருப்பதில்லை. தன்னிடமுள்ள அலுமினியச் சேர்மங்களால் உப்பில் ஒரு பகுதியைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. பிரீடல் உப்பு என்று அதற்குப் பெயர். ஆனால் கரியமில வாயு வந்து சேர்ந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துபோகிறது. சிறைப்பட்ட உப்பெல்லாம் வெளியே வருகிறது. காற்றும் உப்பும் ஒன்றுக்கு ஒன்று கதவு திறந்துவிடுகின்றன.

துருப் பிடித்த பிறகு இரும்பு மட்டுந்தான் கெடுகிறது, சிமெண்டு பாவம், நடுவில் மாட்டிக்கொண்டது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டுக்கும் உள்ளே நெடுநாள் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. துளையில் பிறந்த அமிலத்தைச் சுண்ணாம்பு தன்னைக் கரைத்துக்கொண்டு தணிக்கிறது. அதனால் கம்பியை ஒட்டிய சிமெண்டு நொய்ந்துபோகிறது. கரைந்த இரும்பு கம்பியோடு நிற்காமல் சிமெண்டின் நுண்துளைகளுக்குள் நடந்துபோய், காரமும் பிராண வாயுவும் கிடைத்த இடத்தில் துருவாகப் படிகிறது. சிமெண்டின் சில சேர்மங்களில் அலுமினியத்தின் நாற்காலியில் இரும்பு போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. உடைத்துப் பார்த்தால் கம்பியைச் சுற்றிச் சிமெண்டிலும் பழுப்புக் கறை பரவியிருப்பது இதனால்தான். இடம் இருக்கும் வரை சிமெண்டு அந்தத் துருவைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்கிறது. வெளியே ஒரு விரிசலும் தெரியாது. வீட்டுக்காரர் தீபாவளிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருப்பார்.

துளைகள் நிரம்பிய பிறகு துருவுக்கு வேறு இடம் இல்லை. இரும்பு துருவாகும்போது, எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து, இரண்டு பங்கிலிருந்து ஆறு பங்கு வரை பருமன் கூடுகிறது. கொத்தனார் சொன்ன "ஊதிப்போச்சு" என்பது அட்சரம் பிசகாத உண்மை. காற்றுப் படாத ஆழத்தில் உண்டாகும் துரு கறுப்பும் பச்சையுமாக இருக்கும். பிராண வாயு பட்டவுடன் சிவக்கும். காப்பி ஆறுவதற்குள் நான் பார்த்தது அதுதான். ஊதிய கம்பி சுற்றிலும் தள்ளுகிறது. பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் சிமெண்டு, உள்ளிருந்து வரும் இழுவையைத் தாங்காது. கம்பி ஓடும் வழியிலேயே கோடு போட்டாற்போல விரிசல் விடுகிறது. விரிசல் வழியே இன்னும் காற்று, இன்னும் உப்பு. கடைசியில் ஓர் ஏகாதசிப் பிற்பகல்.

இந்த நோயைப் பற்றி ஆராய்வதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. நெய்வேலியைத் தொடங்கிவைத்த நேருதான் அதற்கும் அடிக்கல் நாட்டினார். 1948 ஜூலை 25-ஆம் தேதி காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி குடியரசு உபதலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்து, கண்ணாடி போல் இருக்கிறதே என்று வியக்காதவர் உண்டா? அந்த ஊரிலேயே சிமெண்டுக்குள் இரும்பு எப்படிச் சாகிறது என்று ஆராய்ந்தார்கள் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

துரு என்பது மின்சார விவகாரம். ஒரே கம்பியில் ஓரிடம் கரைகிறது; அங்கிருந்து மின்சாரம் கம்பி வழியாகவே இன்னோர் இடத்துக்குப் போகிறது; கான்கிரீட்டின் ஈரம் வட்டத்தைப் பூர்த்தி செய்கிறது. கட்டடமே ஒரு பாட்டரி. ஆகையால்தான் மின்வேதியியல்காரர்களுக்கு வீட்டுத் தளத்தில் வேலை. இராமேசுவரத்துக்குப் போகும் வழியில், மண்டபத்தில், கடற்காற்றிலும் கடல் நீரிலும் உலோகங்களை வைத்துச் சோதிக்கும் நிலையம் ஒன்றும் இந்தக் கழகத்துக்கு உண்டு. பாம்பனில் 1914-ல் திறந்த இரும்பு ரயில் பாலமும் 1988-ல் திறந்த கான்கிரீட் சாலைப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உப்புக் காற்றை வாங்கியதை அங்கே பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். இரும்பை வெளியே வைத்தால் வர்ணம் பூசிக் காக்கலாம். கான்கிரீட்டுக்குள் வைத்துவிட்டால் தூரிகை எட்டாது.

காரைக்குடிக்காரர்கள் கண்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கம்பியைத் துரு போகக் கழுவி, துருவைத் தடுக்கும் மருந்து கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூசி, அதன் பிறகு கான்கிரீட்டில் வைப்பது. சிமெண்டின் காவல் போதாத இடத்தில், சிமெண்டையே இன்னொரு சட்டையாகத் தைத்துப் போட்டார்கள்.

சட்டதிட்டங்களும் காலத்தோடு மாறின. கான்கிரீட்டுக்கான நம் இந்தியத் தர விதி முதலில் 1953-ல் வந்தது. 1978-ஆம் வருஷப் பதிப்பில், சாதாரணத் தளத்துக்கு 15 மில்லிமீட்டர் மூடாக்கு போதும் என்று இருந்தது. 2000-ஆம் வருஷப் பதிப்பு ஊரையும் காற்றையும் பார்த்து வகுத்தது. சாதாரண இடத்துக்கு 20, கடற்காற்று நேராகப் படும் இடத்துக்கு 45, கடல் அலையின் சாரல் படும் இடத்துக்கு 50 என்று அது கூட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பின்னால் எங்கேயோ விழுந்த தளங்கள் இருக்கின்றன. குளிர் நாடுகளில் கான்கிரீட் சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடை அவர்களே வேண்டுமென்று கலந்தார்கள்; அது கம்பியைத் தின்கிறது என்று தெளிந்து விலக்கியது 1970-களில்தான். நம் கிணற்றுத் தண்ணீரை மட்டும் கேலி செய்வதற்கில்லை.

நெய்வேலிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. கரியை எரித்தால் சாம்பல் மிஞ்சுகிறது. புகைபோக்கியில் ஏறுமுன் பிடிக்கும் அந்த மெல்லிய சாம்பலைச் சிமெண்டோடு சேர்க்கிறார்கள். ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டிய அதே தந்திரம். சாம்பல், சிமெண்டின் சுண்ணாம்பில் ஒரு பகுதியைத் தின்று புதுப் பிசினாகி, நுண்துளைகளை அடைக்கிறது. உப்புக்கு வழி குறுகுகிறது. ஆனால் கம்பிக்குக் காவலான சுண்ணாம்பின் இருப்பும் குறைகிறது அல்லவா? ஆகையால் சாம்பல் சேர்த்த கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஆற்றுவதில் சோம்பல் கூடாது. நன்றாக ஆறினால் லாபம், காயவிட்டால் நஷ்டம். நெய்வேலிச் சாம்பலில் சாதாரண நிலக்கரிச் சாம்பலைவிடச் சுண்ணாம்பு அதிகம் என்பது இதில் ஒரு தனி விசேஷம்.

மாலையில் சகலை என்னைப் பழைய மின் நிலையம் இருக்கும் திசையில் அழைத்துப்போனார். 1962-ல் ஓடத் தொடங்கிய அந்த நிலையம் 2020 செப்டம்பரில் நின்றது. ஐம்பத்தெட்டு வருஷம். சென்னைக்கும் சேலத்துக்கும் விளக்கேற்றிய இடம். "அது நின்ற அன்று எங்களில் சில பேர் சாப்பிடவில்லை" என்றார். சுரங்கத்துப் பம்புகள் மட்டும் நிற்கவில்லை. கரி எடுக்கும் வரை அவற்றை நிறுத்த முடியாது.

திரும்பும் வழியில் நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். கொத்தனாரின் ஒட்டு மட்டும் ஏன் பிழைத்தது? சுற்றியிருந்தது ஏன் செத்தது?

"ஒட்டு பிழைத்ததால்தான் சுற்றியிருந்தது செத்தது" என்றார். முன்பு ஓரிடத்தில் கம்பி கரைந்துகொண்டிருந்தபோது, அந்த இடம் தன்னைப் பலி கொடுத்து, அதே கம்பியின் அண்டைப் பகுதியை மின்சாரத்தால் காத்து வந்தது. நாங்கள் அந்த இடத்தில் நல்ல தண்ணீரில் குழைத்த புதுச் சிமெண்டை வைத்தோம். புதுச் சுண்ணாம்பு, புதுக் காவல். அங்கே துரு நின்றது. ஆனால் பக்கத்தில் இருந்ததோ பழைய உப்புக் கான்கிரீட். காத்துவந்த பலியும் இல்லாமல், காவலும் இல்லாமல் போகவே, கரைகிற முறை அதற்கு வந்துவிட்டது. கொத்தனார் செய்த வேலையில் பிழை இல்லை. விழுந்த இடத்தை மட்டும் பார்த்ததுதான் பிழை. அது அவர் பிழை அல்ல. "இந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள்" என்று சொன்னவன் நான்.

ஊருக்குத் திரும்பினதும் கூடத்துத் தளத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். சகலை ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கினார். ஆற்று மணல், லாரியில் நல்ல தண்ணீர். கம்பிக்கு அடியில் வில்லைகளை அவரே குனிந்து வைத்தார். யாராவது மிதித்தால் கண்டித்தார். கொத்தனாருக்கு முதலில் முகம் சுளித்தது. அவரிடம் ரோஜா நிறச் சோதனையைச் செய்து காட்டிய பிறகு, புட்டியைத் தமக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

பழைய தளத்தின் செலவு முழுவதையும் பாழாக்கியது, என் தகப்பனார் மிச்சம் பிடித்த ஒரு லாரித் தண்ணீரும் ஒரு கூடை வில்லைகளும். அவரைத் தாழ்த்திச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்தது. நமக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டுமே வித்தியாசம்.

பதினான்கு நாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். முட்டுகளைப் பிரித்து, சுத்தம் செய்து, வெள்ளை அடித்த அன்று அத்தை பழைய இடத்தில் பாயை விரித்தாள். படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஏண்டாப்பா, இனிமேல் விழாதே?" என்று கேட்டாள்.

"நம் காலத்தில் விழாது, அத்தை. அதற்கப்புறம் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

"அவர்களுக்கு யார் சொல்லுவார்கள்?" என்றாள் அத்தை. நான் பதில் சொல்லுமுன் தூங்கிவிட்டாள்.